வெற்றிச் செய்தி வந்த நாளில் ஒரு கபுரடக்கம்



சந்தோஷமும் துக்கமும் மாறி மாறி வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஒன்று வாசல் தாண்டிப் போனபிறகுதான் மற்றது வரும் என்று நினைப்பு. பத்ரு நேரத்து மதீனாவைப் பாருங்கள்.

ஹிஜ்ரி 2, ரமலான். நாயகம் (ஸல்) அவர்கள் பத்ருக்குப் புறப்பட்டபோது மகளார் ருகையா (ரலி) நோயில் இருந்தார்கள். மனைவியைக் கவனிக்க உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே இருக்கச் சொன்னார்கள். ருகையா (ரலி) வஃபாத்தானார்கள். கபுரில் மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தும் வேளையில்தான் ஸைத் (ரலி) வெற்றிச் செய்தியோடு ஊருக்குள் வந்தார்கள் என்று சீரா நூல்கள் சொல்கின்றன. கையில் கபுர் மண், காதில் வெற்றிச் செய்தி. உஸ்மான் (ரலி) அவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அடுத்த வருடமே உஹது. 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அதையொட்டி இறங்கிய ஆல இம்ரான் 140-ஆம் வசனத்தில், இந்த நாட்களை மனிதர்களிடையே தானே சுழற்றுவதாக அல்லாஹ் கூறுகிறான். நாட்கள் தாமாகச் சுழலவில்லை, சுழற்றுகிறவன் ஒருவன் இருக்கிறான். நமக்கு ஆறுதலே அதில்தான்.

நம் ஊர் வரலாறும் இதற்குச் சாட்சி. தறியை விட்டு சிங்கப்பூர் போன நம் முன்னோர் குடும்பத்தோடு தஞ்சோங் பகார் பகுதியில் வாழ்ந்தார்கள். ஆண்களுக்குத் துறைமுக வேலை. பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கமும் அமைத்தார்கள். இனி கவலையில்லை என்றிருந்த நேரம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மூன்றரை வருடம். 1945-இல் அதுவும் முடிந்தது.

அப்படியானால் அழவே கூடாதா? அழலாம். மகன் இப்ராஹீமின் மரணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். அன்று சூரிய கிரகணம். மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டபோது, யாருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். பிள்ளையை இழந்த தகப்பனாக இருந்த நேரத்தில் சொன்னது இது.

இந்த வாரம் நம் மஹல்லாவில் ஒரு நிக்காஹ். இரண்டு வீடு தள்ளி ஒரு சகோதரி இத்தாவில் இருக்கிறார். வலீமாவில் நீங்கள் உட்காருமுன் அந்த வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி சோறு போகட்டும். மைக்செட் சத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.