வில் வாங்கும் வாலிபருக்கு

கடத்தூரில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் வாலிபர் ஒருவர் தம் தகப்பனாருடன் வந்து ஸலாம் உரைத்தார். “ஹஜ்ரத், நெடுவில் ஒன்று வாங்க ஆசைப்படுகிறேன். அத்தா அதை வீண் செலவு என்கிறார். சுன்னத்தான காரியத்துக்குச் செய்யும் செலவு விரயம் ஆகுமா?” என்று கேட்டார். தகப்பனார் விடவில்லை. “அம்பெய்வது சுன்னத்து என்று இன்றைக்கு வில் கேட்கிறான். நாளைக்குக் குதிரையேற்றமும் சுன்னத்து என்று குதிரை கேட்பான். நான் எங்கே போவேன், ஹஜ்ரத்?” என்றார்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. வில் வாங்குவோர் நம்மில் சிலரே எனினும், இந்தக் கேள்வி எல்லா வீட்டுக்கும் உரியது என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

அம்பெய்தலின் சிறப்பில் ஐயமில்லை. எதிரிகளுக்கு எதிராக இயன்ற வலிமையைத் தயார் செய்யும்படி கூறும் திருமறை வசனத்தை மிம்பரில் ஓதிய நாயகம் (ஸல்) அவர்கள், அந்த வலிமை அம்பெய்தல்தான் என்று மும்முறை கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அந்தக் கலையைக் கற்றபின் கைவிட்டவரை அவர்கள் கண்டித்ததும் அதே நூலில் உண்டு. ஒரே அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்றும் ஒரு ஹதீது உண்டு: நன்மையை நாடி அதைச் செய்தவர், அதை எய்தவர், அதை எடுத்துக் கொடுத்தவர்.

ஆனால் சிறப்பான காரியம் என்பதால் அதற்கான செலவெல்லாம் சிறப்பாகிவிடாது. குர்ஆன் ஓதுவது இபாதத். அதற்காகத் தங்கப் பிடி போட்ட ரேஹால் வாங்குவது இபாதத் ஆகுமா? அந்த வாலிபர் தேர்ந்து வைத்திருந்த வில்லின் விலை தகப்பனாரின் இரண்டு மாத வருமானம். இழுவையோ ஐம்பத்தைந்து இராத்தல். ஏன் அவ்வளவு பலமான வில் என்று கேட்டோம். “அதுதான் உண்மையான வில் என்கிறார்கள்” என்றார். யார் என்கிறார்கள் என்று கேட்டபோது பதில் வரவில்லை.

நண்பரிடம் இரவல் வாங்கிய அத்தகைய வில் ஒன்றை மறுநாள் கொண்டுவந்தார். அம்புகளுடன் பள்ளிக்கும் சந்தைக்கும் வருபவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் நபிமொழியை முதலில் நினைவூட்டினோம். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாமே அந்த வில்லை எடுத்து நாணை இழுத்தோம். பாதி தூரம் வருமுன் தோள் நடுங்கியது. சுற்றி நின்ற மதரஸாப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு வாலிபர் இழுத்தார். முழுதாக இழுத்தார், ஆனால் ஒரு விநாடி கூட நிறுத்திக் குறி பார்க்க இயலவில்லை. அதைக் கண்ட பின் நமது பதில் எளிதாயிற்று.

1545-இல் கடலில் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயக் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றில் பல நூறு இராத்தலுக்கும் அதிக இழுவை கொண்டவை. அவற்றை ஏந்தியவர்கள் சிறுவயது முதல் பழகியவர்கள். தோள் எலும்பே அதனால் மாறிப் போயிருந்தது என்று ஆய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் அந்த வில்லை மட்டும் விலைக்கு வாங்குவது பிறர் கண்ணுக்காக வாங்குவதே. ரியா தொழுகையில் மட்டும்தான் நுழையும் என்று எண்ண வேண்டாம்.

புதிதாகப் பழகுபவருக்கு இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து இராத்தல் இழுவை போதும். வில்லின் நீளம் ஏறத்தாழ ஆள் உயரம் இருக்கட்டும். குட்டை வில்லை நீண்ட கை அதிகம் வளைக்க, அது சீக்கிரம் முறியும். மரத்தின் மேல் கண்ணாடி நாரிழை ஒட்டிய வில் நமது கோடை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் ஓரளவு தாங்கும். முகலாயர் காலத்துக் கொம்பும் நரம்பும் பசையும் சேர்ந்த வில்கள் அழகானவைதாம். ஆனால் மழைக்கால ஈரத்தில் பசை இளகும். இந்நாட்டில் எஃகிலும் வில் செய்தார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிட மலிவானது மூங்கில். அரபிகள் தம் மலைகளில் விளைந்த நப்உ மரத்தில் வில் செய்தார்கள். வயநாட்டுக் குறிச்சியர்கள் மூங்கில் வில்லோடுதான் 1802-இல் பனமரம் கோட்டையில் கும்பினிப் படையை வென்றார்கள். நமது தர்மபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களிலும் வில்லேந்திய வீரர்களைக் காணலாம்; ஆநிரை காக்கப் போய் மாண்ட அவர்கள் கையில் இருந்தது விலையுயர்ந்த பண்டம் அன்று. நன்கு முற்றி உலர்ந்த கல்மூங்கில் கிடைத்தால் கைதேர்ந்தவர் அதில் நல்ல வில் செய்து தருவார். பட்டா நிலத்து மூங்கில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வனச் சட்டப்படி மரம் அன்று. காப்புக்காட்டு மூங்கில் அப்படியல்ல. அதைத் திருடிச் செய்த வில்லால் என்ன சுன்னத்தை நிறைவேற்றப் போகிறோம்? செய்பவரிடம் கூலியைக் குறைத்துப் பேசவும் வேண்டாம். மேற்சொன்ன மூவரில் முதலாமவர் அவர்.

எந்த வில்லாயினும் எய்து முடித்ததும் நாணை இறக்கி வைக்க வேண்டும். வெயிலில் சாத்தி வைக்கக் கூடாது. அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு சுமக்க வேண்டிய வேகம் முழுவதும் வில்லுக்குள் திரும்பி அதை வெடிக்கச் செய்யும்.

இனி வேட்டை. “வத்தல்மலைப் பக்கம் போனால் முயல் கிடைக்கும்” என்றார் வாலிபர். அம்பால் வேட்டையாடுவது மார்க்கத்தில் ஹலால்தான். அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த பதில்களில் அதன் சட்டங்கள் உள்ளன. பிஸ்மில்லாஹ் சொல்லி எய்ய வேண்டும். வேண்டுமென்றே அதை விட்டால் ஹனபி மத்ஹபில் அந்த இறைச்சி ஆகாது, ஷாபிஈ மத்ஹபில் அது சுன்னத்து. முனை துளைத்துச் செத்ததைப் புசிக்கலாம். அம்பின் பக்கவாட்டு அடியால் செத்ததைப் புசிக்கலாகாது. உண்டிவில்லால் புறாவை அடித்துக் கொல்லும் பிள்ளைகளுக்கு இதை எத்தனை பெற்றோர் சொல்லிக் கொடுக்கிறார்கள்? உயிருள்ளதைக் கட்டி வைத்து இலக்காக்குவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த வாலிபருக்கு இன்று வேட்டைக்கு வழியில்லை என்றே சொன்னோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் முயல், கவுதாரி உட்பட்டவற்றை வேட்டையாடுவதைத் தடுக்கின்றன. “அல்லாஹ் ஹலாலாக்கியதை மனிதன் எப்படித் தடுக்கலாம், ஹஜ்ரத்?” என்று கேட்டார். கேள்வி கூர்மையானதுதான். முபாஹ் என்பது செய்யவும் விடவும் உரிமை உள்ளது, கடமை அன்று. பொதுநலன் கருதி அதற்கு வரம்பிட ஆட்சிக்கு இடமுண்டு என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். நாட்டில் குடியிருப்பதே ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி மாயிதா அத்தியாயம் தொடக்கத்திலேயே கட்டளையிடுகிறது. பசியால் உயிர் போகும் நிலையும் அவருக்கு இல்லை. வேட்டை இல்லாவிட்டால் ஐம்பத்தைந்து இராத்தலுக்கும் தேவையில்லை. வைக்கோல் மூட்டை முப்பதிலேயே துளைபடும்.

வாலிபர் முகம் சுருங்கியது. நாம் சொன்னது அவருக்கு அன்று பிடிக்கவில்லை என்றே நினைக்கிறோம்.

முப்பது இராத்தல் வில் ஒன்று, தகப்பனார் மனமொப்பித் தந்த பணத்தில் வந்து சேர்ந்தது. பின்னால் மண்மேடு உள்ள, ஆள் நடமாட்டமற்ற காலி நிலத்தில் பழகுகிறார். மூன்றாம் வாரம் தகப்பனார் தனியாக வந்து ஒரு முறையீடு செய்தார்: வழி தவறிய அம்புகளைக் கரும்புக் கொல்லைக்குள் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை தம் தலையில் விழுந்துவிட்டதாம். அந்த மூவரில் மூன்றாமவர் யார் என்று அவருக்கு நினைவூட்டினோம்.