மொழிக்கும் குற்றமுண்டோ?

கொடுமையொன்று நிகழ்ந்து முடிந்தபின் அதன் பழியை எவர்மீது சுமத்துவது? செய்தவன் மீதா, அவன் பிறந்த இனத்தின் மீதா, அவன் பேசிய மொழியின் மீதுமா? செய்தவனைத் தேடிப் பிடித்து, சாட்சியம் கேட்டு, தீர்ப்பளிப்பது கடினமான வேலை. அவனைச் சார்ந்தோர் அனைவரையும் ஒருசேர வெறுத்துவிடுவதோ மிக எளிது. மனித மனம் எளியதையே நாடுகிறது. இவ்வினாவை ஜெர்மன் மொழியில் எழுதிய யூத இலக்கியவாணர்களைப் போல நேருக்கு நேர் சந்தித்தோர் சிலரே.

வடசென்னைத் துறைமுகப் பகுதியில் வாழும் நமக்கு இது ஏதோ தொலைதூரத்துச் செய்தியன்று. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் பலர் ஊரைவிட்டே வெளியேறினர். அதன்பின் 'எம்டன்' என்பது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அஞ்சத்தக்கவனையும் பெருந் தந்திரசாலியையும் அச்சொல்லால் சுட்டும் முதியோர் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இன்றும் உளர். ஒரு பெருஞ் சமூகத்தின் இசையும் தத்துவமும் மருத்துவமும் நம் அன்றாடப் பேச்சில் இடம்பெறவில்லை. ஒரு கப்பல் இடம்பெற்றது. அச்சம் எதனை நினைவில் வைக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

இப்பகுதிக்கு யூதரும் அந்நியரல்லர். முத்தியாலுப்பேட்டையின் பவளக்காரத் தெரு, யூதப் பவள வணிகரின் நினைவைத் தாங்கி நிற்கிறது. மத்தியதரைக் கடற்பவளத்தைக் கொணர்ந்து கோல்கொண்டா வைரத்தைக் கொண்டுசென்ற அவர்கள், ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் வேரறுக்கப்பட்டு ஆம்ஸ்டர்டாமிலும் இலண்டனிலும் அடைக்கலம் புகுந்த யூதரின் வழிவந்தோர். 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது பன்னிரு ஆல்டர்மன்களுள் மூவர் யூத வணிகர். தங்கசாலைப் பக்கம் இருந்த அவர்தம் மையவாடியின் கற்கள் பின்னர் காசிமேட்டுக்கு வந்தன. அங்கிருந்தும் பெயர்க்கப்பட்டு லாயிட்ஸ் சாலைக்குச் சென்றன. மையவாடியை யூதர் 'பேத் ஹயிம்' என்பர். அரபு அறிந்தோர்க்கு இதனை விளக்க அகராதி வேண்டுவதில்லை. பேத் என்பது பைத். ஹயிம் என்பது ஹயாத். 'வாழ்வோரின் இல்லம்' என்பது பொருள்.

ஸ்பெயின் யூதருக்கு அந்த வெளியேற்றம் நேர்ந்தது 1492இல்; கிரனாடா வீழ்ந்த அதே ஆண்டில். முஸ்லிம்களுக்கும் அக்கதி வர நெடுங்காலம் ஆகவில்லை. இவ்வேதனையை ஜெர்மன் இலக்கியத்தில் பதித்தவர், யூதக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனே (1797–1856). 1823இல் வெளியான 'அல்மன்ஸோர்' என்னும் அவரது நாடகத்தில், கிரனாடாவில் திருக்குர்ஆன் எரிக்கப்பட்ட செய்தி கேட்கும் ஹஸன் என்னும் முஸ்லிம் பாத்திரம், நூலைத் தீண்டிய நெருப்பு ஒருநாள் மனிதரையும் தீண்டும் என எச்சரிக்கிறது. 1933 மே 10ஆம் நாள் பெர்லினில் ஃப்ராய்ட் முதலானோரின் நூல்களை மாணவர்களே எரித்தனர். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சுமார் அறுபது லட்சம் யூதர் கொல்லப்பட்டனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த தமிழர்க்கு ஹஸனின் சொல்லுக்கு உரை தேவையில்லை. எனினும் அத்தீவினைக்காகச் சிங்கள மொழியையே பழிப்பது நீதியாகுமா?

குற்றம் சாட்டப்பட்டவனின் உள்ளத்தை உரைத்தவர் பிராகு நகரத்து ஃப்ரன்ஸ் காஃப்கா (1883–1924). அவரது 'விசாரணை' நாவலில் யோசஃப் கே. என்பவன் ஒரு காலையில் கைது செய்யப்படுகிறான். குற்றம் யாதென்று இறுதிவரை அவனுக்குச் சொல்லப்படுவதில்லை. காரணமின்றி ஐயுறப்படும் எந்தச் சமூகமும் அந்நாவலில் தன் முகத்தைக் காணலாம். காஃப்காவின் சகோதரியர் மூவரும் பின்னாளில் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாயினர்.

செர்னோவிட்ஸ் நகரில் 1920இல் பிறந்த கவிஞர் பவுல் ஸெலானின் நிலை இன்னும் கொடியது. அவர்தம் தாய் ஜெர்மன் இலக்கியத்தை நேசித்தவர். தூய ஜெர்மனே வீட்டில் ஒலிக்க வேண்டுமென விரும்பியவர். போர்க்காலத்தில் பெற்றோர் இருவரும் நாடுகடத்தப்பட்டு முகாமில் மாண்டனர். தாய் ஊட்டிய மொழியும் தாயைக் கொன்றோரின் மொழியும் ஒன்றே! வேறு மொழிகள் பல அறிந்தும், பாரிஸிலேயே வாழ்ந்தும், 1970இல் மறையும்வரை அவர் ஜெர்மனிலேயே பாடினார். கொலைஞர்க்கு அம்மொழியை உரிமையாக்கி விட்டுவிட அவர் இசையவில்லை.

அதே செர்னோவிட்ஸில் யூத மதகுருவாக விளங்கியவரின் பேரரே, 1900இல் லெம்பெர்கில் பிறந்த லியோபோல்ட் வைஸ். நாம் நன்கறிந்த முஹம்மது அஸத். வியன்னாவின் காபி விடுதிகளில் உளப்பகுப்பாய்வாளரின் வாதங்கள் அவரை ஈர்த்தன. ஆயினும் ஆன்மாவின் மர்மமனைத்தையும் நரம்பின் அசைவாகச் சுருக்கிவிடும் துணிவு அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1926இல் பெர்லினின் சுரங்க ரயிலில், செழிப்பாக உடுத்திய பயணிகளின் முகங்களில் மறைந்துகிடந்த வேதனையைக் கண்டார். அதற்குரிய விளக்கம் திருமறையின் 'தகாஸுர்' அத்தியாயத்தில் அவருக்குக் கிடைத்தது. இஸ்லாத்தைத் தழுவினார், 1932இல் இந்தியா வந்தார். 1939இல் போர் மூண்டதும் ஆங்கில அரசு அவரை எதிரி நாட்டவர் எனச் சிறைவைத்தது. 1945 வரை அவர் முகாம்களில் அடைபட்டிருந்தார். நாஜி அபிமானிகளும் அதே வேலிக்குள் இருந்தனர். அவ்வாண்டுகளிலேதான் ஐரோப்பாவில் அவருடைய தந்தையும் சகோதரியும் நாஜிகளால் மாண்டனர். கடவுச்சீட்டை மட்டும் பார்த்த சட்டத்துக்கு, வேட்டையாடியவனும் வேட்டையாடப்பட்டவனும் ஒருவராகவே தெரிந்தனர். செய்தவனை விடுத்து இனத்தைத் தண்டிக்கப் புகுந்தால் நீதியின் கண் இவ்வாறுதான் குருடாகும்.

மொழி முற்றிலும் மாசற்றதோ என ஒருவர் வினவலாம். நாஜிகள் கொலையைக் கொலை என்று எழுதவில்லை. 'இறுதித் தீர்வு' என்றெழுதினர். யூதக் குடியில் பிறந்த விக்டர் கிளெம்பெரர் என்னும் அறிஞர், சொற்கள் இவ்வாறு நஞ்சேறியதை நாள்தோறும் குறித்துவைத்து 1947இல் நூலாக்கினார். சொல்லும் நஞ்சேறும் என்பது உண்மையே. ஆனால் அந்நஞ்சைப் பிரித்துக் காட்டிய அவரும் ஜெர்மனிலேயே எழுதினார். கிணற்றில் எவனோ நஞ்சிட்டான் என்பதற்காகக் கிணற்றைத் தண்டிப்பாருண்டோ? இறைத்துத் தூய்மை செய்வதே ஊராரின் கடமை.

இந்த விசாரணை நமக்கும் உரியது. அரபு எழுத்தைக் கண்டமாத்திரத்தில் ஐயுறுவோர் இன்று உளர். அவ்வெழுத்தில்தான் நம் பாட்டிமார் அர்வியாகத் தமிழையே எழுதினர், வாசித்தனர். அந்த ஐயம் எத்துணை அநீதி என்பதை நாம் உணர்கிறோம். அவ்வாறெனில், காஸாவின் துயரம் கண்டு கொதிக்கும் நம் உள்ளம், எபிரேய மொழியையும் யூதர் அனைவரையும் ஒரே கயிற்றில் கட்டலாமா? அநீதி இழைத்த ஆட்சியாளரைக் கண்டிப்பது கடமை. அதில் தயக்கம் கூடாது. ஆனால் ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது 'மாயிதா' அத்தியாயத்தின் கட்டளை. மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது 'ரூம்' அத்தியாயம். இவற்றை ஓதும் நாவு ஒரு மொழியைச் சபிப்பது எங்ஙனம்?

1980இல் திருமறைக்கு ஆங்கிலத்தில் விரிவுரை வழங்கிய அஸத், 1992இல் ஸ்பெயினில் மறைந்தார். கிரனாடாவின் முஸ்லிம் மையவாடியில் அடங்கியிருக்கிறார். சிறுவயதில் எபிரேயம் பயின்று, ஜெர்மனில் எழுதத் தொடங்கி, அரபில் ஆழ்ந்த அவரை எந்த மொழியின் குற்றப்பட்டியலில் சேர்ப்பது? நம் இல்லத்துச் சிறுவர் 'யூதன்' என்பதை வசைச்சொல்லாக வழங்கக் கேட்டால், அதட்டி நிறுத்துவதோடு அமைய வேண்டாம். அருகில் அமர்த்தி அஸத்தின் வரலாற்றைச் சொல்வோம். காசிமேட்டில் ஒருகாலம் கிடந்த கற்களையும், 'பேத் ஹயிம்' என்பதன் பொருளையும் சொல்வோம்.