தெரியாது என்று சொல்லும் உரிமை

வினை எண்ணத்தில் இருக்கிறது என்றது பௌத்தம். எண்ணாமல் செய்த வதையும் வதைதான் என்று எதிர்நின்றது சமணம். பிறர் கொன்ற விலங்கின் இறைச்சியைத் தின்றவனுக்குப் பழி உண்டா என்று சமணக் காப்பியத்தின் நீலகேசி பௌத்தரோடு வாதாடுவதும் இதையொட்டித்தான். பூச்சிமருந்து எஞ்சிய கத்தரிக்காயை விற்றவருக்கும் சமைத்தவருக்கும் நஞ்சு இருப்பது தெரியாது என்றால், பௌத்தத்தின் கணக்கில் இருவர் மேலும் குற்றமில்லை. தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் அடுப்பேறும் காய், பக்கத்துத் தோட்டத்தில் பறித்ததாகவும் இருக்கலாம், சென்னையிலிருந்து கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம். அங்கே அறியாமை பாசாங்கு அல்ல, உண்மை நிலைமை. ஆனால் அறிந்துகொள்ள வழி பிறந்த பிறகும் அறியாமலே இருப்பதை எண்ணமற்ற செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அறிய மறுப்பதும் ஓர் எண்ணமே.

அந்த வழிகளில் ஒன்று சிறு காகிதப் பட்டை. அதில் பூசிய அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி நல்ல நிலையில் இருந்தால் பட்டை நீலமாகும். காயைக் கழுவிய நீரில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தோ கார்பமேட் வகையோ போதிய அளவு இருந்தால் நொதி முடங்கி, நிறம் வராது. காய்ப்புழுவின் நரம்பிலும் குழந்தையின் நரம்பிலும் வேலை செய்வது இதே வகை நொதி. உயிர்கள் ஓரினம் என்ற சமணரின் பிடிவாதத்துக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. 2013 ஜூலையில் பீகாரின் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் இதே நொதியை முடக்கும் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமையல்காரப் பெண் முன்பே சொன்னதாகச் செய்திகள் வந்தன. எச்சரிக்கை காதில் விழுந்த பிறகு, கொல்லும் எண்ணம் இல்லை என்பது முழு விடையாகாது.

பட்டையே அரைகுறைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் இந்த நொதியைத் தொடுவதில்லை, அதனால் பட்டையில் சிக்குவதுமில்லை. தனி வரம்பு குறிக்காத மருந்துகளுக்கு இந்திய விதி காய்கறியில் அனுமதிக்கும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அளவும் பெரும்பாலும் அதன் கண்ணுக்கு எட்டாது. ஆகவே நீலம் தூய்மைக்குச் சான்று ஆகாது. நிறம் வராமை மட்டும், ஆய்வகத்துக்கு அனுப்பு என்ற கட்டளை. இன்னொரு தடை கனமானது: இந்தச் சோதனை சிறு விவசாயியின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றாதா? ஏற்றும், சோதனையை அவரிடமே விட்டால். அறியும் கடமை அறியும் வசதிக்கு ஏற்றபடி விழ வேண்டும். மருந்தை விற்றவரும், விற்க உரிமம் தந்த அரசும், சரக்கை மொத்தமாக எடுக்கும் வியாபாரியும் அவருக்கு முன்னால் நிற்கிறார்கள். கப்பல் சரக்கு இறங்கும் துறைமுகத்திலும் தோட்டக்காய் சேரும் சந்தையிலும் அரசுச் செலவில் சோதித்து, முடிவை வாங்குகிறவர் படிக்கும் மொழியில் அன்றே எழுதி வைக்கச் சொல்லி அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.