அறியாதவரோடு ஒப்பந்தம்

வலியவர் எளியவரை ஏய்ப்பது கொடுமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், எதிரில் இருப்பவர் தாமாகவே செய்த பிழையால் நமக்கு ஆதாயம் வருமாயின், வாய் திறவாமல் அதனை ஏற்றுக்கொள்வது குற்றமாகுமா? நாம் பொய் சொல்லவில்லை, எதையும் திரித்து எழுதவில்லை, பேசாதிருந்தோம், அவ்வளவே. பேசாதிருப்பதும் ஒரு செயலாகுமா? இவ்வினா எனக்கு ஏட்டில் எழுந்ததன்று, வாழ்வில் எழுந்தது.

பணி ஓய்வுக்குப் பின் துணைப்பாட வகுப்புகள் நடத்திவரும் எனக்கு, சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கல்வி நிலையங்களுக்குத் தன்னுரிமை ஆசிரியர்களைத் தேடித் தருவது அதன் தொழில். நடத்தியவர்கள் இளைஞர் ஒருவரும் அவர் தங்கையும். "ஐயா, நாங்கள் இத்தொழிலுக்குப் புதியவர்கள். குறையிருந்தால் சொல்லுங்கள்" என்று முதற்சந்திப்பிலேயே கூறினார்கள். ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்றுக்கு 90 வெள்ளி, மொத்தம் 40 வகுப்புகள் என வாய்மொழியாக முடிவாயிற்று.

ஒப்பந்தம் அஞ்சலில் வந்தது. நிரந்தர ஊழியர்க்குரிய படிவம் ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது படித்தவுடன் புலப்பட்டது. வேறெங்கும் கற்பிக்கக் கூடாது என்றிருந்தது. ஒரு மாத முன்னறிவிப்பின்றி விலகலாகாது என்றிருந்தது. கல்வி நிலையம் பணம் செலுத்திய பின்னரே எனக்கு ஊதியம் என்றிருந்தது. வகுப்பு திடீரென நீக்கப்பட்டால் இழப்பீடு உண்டா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான்கையும் சிவப்பு மையால் குறித்தேன். அடுத்த பிரிவுக்கு வந்தபோது கை தயங்கி நின்றது. "ஒரு மணி நேரத்துக்கு 90 வெள்ளி" என்று அச்சாகியிருந்தது. அதன்படி ஒரு வகுப்புக்கு 135 வெள்ளி. 40 வகுப்புகளுக்கு 1,800 வெள்ளி கூடுதல்.

இரண்டு நாள் நான் பேனாவைத் தொடவில்லை. மனம் எனக்காக வாதாடத் தொடங்கிவிட்டது. "எழுதியவர்கள் அவர்கள், படித்துப் பார்க்க வேண்டியதும் அவர்கள் கடமை. உனக்கென்று யார் இருக்கிறார்கள்?" என்றது.

அவ்வாதம் முற்றிலும் வெறுமையானதன்று. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் முதலாளியின்கீழ்ப் பணிபுரிவோரைக் காக்கிறதேயன்றிச் சுயதொழில் செய்வோரைக் காப்பதில்லை. அவர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு இல்லை. முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிப் பங்கும் இல்லை. 2018-இல் வெளியிடப்பட்ட முத்தரப்புத் தரநிலை, அவர்களோடு செய்யும் உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டுமென்றும், தொகையும் அது வழங்கப்படும் நாளும் அதில் தெளிவாக வேண்டுமென்றும் கூறுகிறது. ஆயினும் அதனை ஏற்பது நிறுவனங்களின் விருப்பம். ஆகவே, ஒப்பந்தத்தாள் ஒன்றே தன்னுரிமை ஊழியரின் குடை. அதில் ஓட்டையுண்டா என்று பார்ப்பது பேராசையாகாது. ஊதியம் பேசக் கூச்சப்படுவதைப் பண்பு என்று நம்மவர் கருதுகின்றனர். அது பண்பன்று, பின்னால் மனக்கசப்பை வளர்க்கும் வித்து.

ஆனால், நம் குடையைச் செப்பனிடுவது வேறு. பிறர் குடையைத் தவறிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வது வேறு. சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். 2003 ஜனவரியில் சிங்கப்பூர் இணைய விற்பனைத் தளம் ஒன்றில், 3,854 வெள்ளி பெறும் லேசர் அச்சுப்பொறியின் விலை 66 வெள்ளி எனப் பிழையாகக் குறிக்கப்பட்டது. அறுவர் சேர்ந்து 1,606 பொறிகளுக்கு ஆணை கொடுத்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. பிழையென்று அறிந்தே பயன் கொள்ள முயன்றவருக்கு அவ்வொப்பந்தம் துணை நில்லாது என 2004-இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

சட்டத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. நான் நான்கு குறைகளைச் சுட்டி அனுப்பினால், எஞ்சியவை யாவும் சரியென்றே அவ்விளையர் கொள்வர். ஒன்றையும் சுட்டாதவனின் மௌனம் மௌனமாக இருக்கலாம். நான்கைச் சுட்டி ஐந்தாவதை விட்டவனின் மௌனமோ சான்றிதழ். அது வாய் திறவாமல் சொல்லும் பொய்.

அப்படியானால், அவர்கள் அறியாமை அனைத்தையும் நான் நீக்க வேண்டுமா? 70 வெள்ளிக்கு இணங்குவோரும் இருக்கலாம் என்று நானே சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. விலை என்பது இருவரும் எண்ணிப் பார்த்து இசைந்தது. பிழை என்பது ஒருவர் இசையாமலே நேர்ந்தது. எதிர்த்தரப்புக்காக வாதாடுவது என் கடமையன்று. ஆனால், "இதுதான் வழக்கமான விலையா?" என்று கேட்டால் உண்மை சொல்வது என் கடமை.

நடுவு நிலைமை அதிகாரத்தை முடிக்கையில் வள்ளுவர் நினைப்பது அரசரையோ நீதிபதியையோ அன்று, வாணிகரை. கொடுக்கல் வாங்கலே நடுவு நிலைமையின் உரைகல் என்பது அதனால் விளங்கும். நம் முன்னோர் வரலாறும் இதனையே உணர்த்தும். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-இல் நின்றது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-இல் தடைப்பட்டது. அறிந்தவர் எழுத, அறியாதவர் கைந்நாட்டு வைத்த காலம் அது. அக்கொடுமையைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறோம். இன்று எழுத்தறிவு நம் கைக்கு வந்திருக்கிறது. அறியாதவர் எதிரில் அமர்ந்திருக்கும்போது நாம் யாராக இருக்கிறோம் என்பதே அவ்வருத்தம் மெய்யா என்பதற்குத் தேர்வு.

மூன்றாம் நாள் தொலைபேசியில் ஐந்து குறைகளையும் சொன்னேன். தங்கை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நன்றி ஐயா" என்றார். ஊதியம் வகுப்புக்கு 90 வெள்ளி எனத் திருத்தப்பட்டது. பிற இடங்களில் கற்பிக்கும் தடை நீங்கியது. முன்னறிவிப்பு இரு வாரமாயிற்று. பணம் தரும் நாளும் குறிக்கப்பட்டது. வகுப்பு நீங்கினால் இழப்பீடு கேட்டேன். தம்மால் இயலாதென மறுத்துவிட்டனர். நேர்மைக்குக் கைம்மாறாக அதை எதிர்பார்த்திருந்தேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன், வெட்கினேன். கைம்மாறு கருதிச் சொல்லும் உண்மையும் ஒருவகை வாணிகமே.

மாணவர்களே! நாளை நீங்களும் பல ஒப்பந்தங்களில் கையொப்பமிடுவீர்கள். ஒவ்வொரு வரியையும் இருமுறை படியுங்கள்: முதன்முறை உங்களுக்கு வரும் கேட்டைக் காண, மறுமுறை உங்களால் பிறர்க்கு வரும் கேட்டைக் காண. இரண்டாம் படிப்புக்கே மனவலிமை மிகுதியும் வேண்டும்.