கயிறு யார் கையில்?

பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டி வந்து, கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. செத்த கோழியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவர் அடுத்த வாசலில் போய் நிற்கிறார். 'வாயில்லாத ஜீவன், அதற்கென்ன தெரியும்' என்கிறது ஒரு குரல். 'நாளைக்கு உன் நாய் உயிரோடு இருக்காது' என்கிறது மறு குரல். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த இரண்டு பேச்சுகளுக்கு நடுவில் பல வருஷத்துப் பழக்கம் அறுந்துபோகிறது. வழக்கு சிறியதுதான். ஆனால் தன் பொறுப்பில் இருக்கும் ஓர் உயிர் பிறருக்குச் செய்யும் தீங்குக்கு ஒருவர் எவ்வளவு கடன்பட்டவர், தீங்கு பட்டவர் எதுவரை போகலாம் என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இங்கே முன்வைக்கப்படும் விடை இது: பொறுப்பு அறிவோடு பிறக்கிறது. தன் நாய் கோழி பிடிக்கும் என்று தெரிந்த பிறகும் அதை அவிழ்த்துவிடுபவரே அடுத்த கோழியைக் கொன்றவர் ஆகிறார். அதே நியாயத்தின்படி, அவருக்குத் தெரியப்படுத்தாமலே நாய்க்கு விஷம் வைப்பவர் அவரைவிடப் பெரிய தவறைச் செய்கிறார்.

முதலில் இழப்பு எவ்வளவு என்பதைச் சரியாக அளக்க வேண்டும். ஒரு கோழி செத்தால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கறி போயிற்று என்று கணக்குப் போடுபவர்கள் புறக்கடைக் கோழி வளர்ப்பை அறியாதவர்கள். நாட்டுப் பெட்டை முட்டையிடத் தொடங்கவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பிறகு அடை உட்காரும். 21 நாள் பசியோடும் பொறுமையோடும் இருந்து குஞ்சு பொரித்த பிறகு, அவை தாமாக இரை தேடும்வரை பருந்துக்கும் காக்கைக்கும் காட்டாமல் இறக்கைக்குள் வைத்துக் காக்கும். அடையிலிருக்கும் கோழியை நாய் பிடித்தால் முட்டைகளும் அதோடு போகும். குஞ்சோடு திரியும் கோழியைப் பிடித்தால் குஞ்சுகளில் பெரும்பாலானவை தப்பாது. மேலும், கிராமத்து வீடுகளில் மாட்டு வரவும் நெல்லு வரவும் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போக, கோழியும் முட்டையும் விற்ற காசு பெண்ணின் கையில் நிற்கும். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், அவசரத்துக்கு மருந்து, திருவிழாவுக்கு ஒரு துணி என்று யாரிடமும் கேட்காமல் அவள் செய்துகொள்ளும் செலவு அது. ஏழைப் பெண்களுக்கு அரசே கோழிக்குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்வதும் இதனால்தான். ஆகவே நாய் கவ்விக்கொண்டு போவது ஒரு பறவையை மட்டுமன்று, அந்தப் பெண்ணின் சின்ன சுதந்திரத்தையும்தான்.

அடுத்து நாயைப் பார்ப்போம். ஐந்தாறு கோழிகளைக் கொன்று, ஒன்றைக்கூடத் தின்னாமல் போட்டுவிட்டுப் போன நாயைக் கண்டு மக்கள் அதைக் கொடிய நாய் என்கிறார்கள். பசிக்குக் கொன்றிருந்தால் மன்னித்திருப்போம், வேண்டுமென்றே கொன்றிருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். விலங்கியல் வேறு செய்தி சொல்கிறது. தேவைக்கு மேல் கொல்லும் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நரிகளும் கழுதைப்புலிகளும், தப்பி ஓட முடியாத இரை ஒரே இடத்தில் கூட்டமாகக் கிடைத்தால், தின்னக்கூடிய அளவைத் தாண்டிக் கொன்று குவிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். வேட்டை விலங்கிடம் துரத்துவதும் கவ்வுவதும் பசியால் மட்டும் முடுக்கப்படுபவை அல்ல. எதிரே ஒன்று படபடத்து ஓடினாலே அவை தூண்டப்படும். காடாக இருந்தால் முதல் இரை விழுந்தவுடன் மற்றவை பறந்துபோயிருக்கும், வேட்டையும் அங்கே முடிந்திருக்கும். மூடிய கொல்லையில் கோழிகள் பறந்து போக முடியாமல் படபடத்துக்கொண்டே இருக்கின்றன, நாயும் நிறுத்தாமல் கவ்விக்கொண்டே இருக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்கள் ஓடும் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே மனிதனால் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. அந்தத் திறமையைப் பாராட்டி வளர்த்த மனிதனே, அது கோழியிடம் வெளிப்படும்போது நாயின் கொழுப்பு என்று சொல்வது நியாயமாகாது. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டி அழுகும்வரை விடும் பழைய தண்டனையும் பொருளற்றது. செய்த நொடியில் கிடைக்கும் தண்டனையைத்தான் நாய் தன் செயலோடு சேர்த்து அறியும். ஒரு மணி நேரம் கழித்து வருவது அதற்கு வெறும் வதை.

'அப்படியானால் யார்மேலும் குற்றமில்லை, இயற்கை அது' என்று நாய் வளர்ப்பவர் சொல்லலாம். உண்மையில் அந்த வாதம் அவரை விடுவிக்காமல் கட்டிப்போடுகிறது. நாய்க்குத் தன்னை அடக்கத் தெரியாது என்றால், அடக்கத் தெரிந்த ஒருவர் அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவர் அதை வளர்ப்பவர்தான். இந்த நியாயம் மிகப் பழையது. விவிலியத்தின் யாத்திராகமத்தில் முட்டும் மாட்டைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. ஒருவன் மாடு இன்னொருவன் மாட்டை முட்டிக் கொன்றுவிட்டால், உயிரோடிருக்கும் மாட்டை விற்றுப் பணத்தை இருவரும் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதுவே முட்டும் மாடு என்று முன்பே தெரிந்தும் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், உடையவன் மாட்டுக்கு மாடு முழுதாகக் கொடுக்க வேண்டும். முதல் முறை நேர்ந்தது விபத்து, அதன் சுமை இருவருக்கும் பொது. தெரிந்த பிறகு நேர்ந்தது ஒருவரின் செயல். இங்கிலாந்தின் சட்டம் இதற்கும் ஒரு படி மேலே போயிற்று. நாயின் குணம் உடையவருக்கு முன்பே தெரியும் என்று மெய்ப்பித்தால்தான் ஈடு என்றிருந்த நிலையை, ஆடு மாடுகளைப் பொறுத்தவரை 1865ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி, ஆடு மாடுகளை மட்டுமின்றி, கோழி, வாத்து போன்ற பண்ணைப் பறவைகளை நாய் கொன்றாலும் வளர்ப்பவர் இழப்பைக் கட்ட வேண்டும். நாய் வளர்ப்பதன் பயனையும் இன்பத்தையும் ஒருவர் அனுபவிக்க, அதன் இழப்பை மட்டும் அடுத்த வீட்டுக்காரர் சுமப்பது எந்த முறையிலும் சரியல்ல. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு நழுவலும் உண்டு: 'அது தெருநாய், நாங்கள் மிச்சம் மீதிச் சோறு போடுகிறோம், அவ்வளவுதான்.' ஆனால் அந்த நாய் இரவெல்லாம் யார் வாசலில் படுத்துக் குரைக்கிறதோ, யார் கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு ஓடி வருகிறதோ, அவருடைய நாய்தான் அது. காவலை ஏற்றுக்கொண்டவர் கடனையும் ஏற்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கோழி வளர்ப்பவர் அதைக் கூட்டில் அடைத்து வைத்திருக்கலாமே, வேலியை ஒழுங்காகப் போட்டிருக்கலாமே என்பது அது. இதில் பாதி உண்மை இருக்கிறது. கோழியும் ஒரு வளர்ப்பு உயிர்தான், அதைக் காக்கும் கடமை அதை வளர்ப்பவருக்கும் உண்டு. மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. வேலியின் அடியில் நாய் பறிக்காதபடி கல் பதிக்க வேண்டும், அல்லது கம்பிவலையை வெளிப்பக்கமாக ஒரு முழம் தரையில் மடித்துப் பரப்ப வேண்டும். அடுத்தவர் வாசலுக்கே போய் மேயும் கோழிக்கு அங்கே கட்டியிருக்கும் நாயால் கேடு வந்தால், நாய்க்காரரைக் குறை சொல்ல முடியாது. மேலே சொன்ன 1971ஆம் ஆண்டுச் சட்டமும் நாய்க்காரரின் இடத்துக்குள் தானாக நுழைந்த உயிருக்கு ஈடு கேட்க விடுவதில்லை. ஆனால் தன் கொல்லையில், பட்டப்பகலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும் கோழி எந்த எல்லையையும் மீறவில்லை. எல்லை தாண்டியது நாய். திருடன் வந்ததற்குக் கதவு பலவீனமாக இருந்ததைக் காரணம் காட்டித் திருட்டை நியாயமாக்க முடியாது. இமாம் மாலிக் தொகுத்த முவத்தாவில், ஒட்டகம் ஒன்று தோட்டத்தில் புகுந்து பாழாக்கிய வழக்கில் நபிகள் நாயகம் தந்த தீர்ப்பு இருக்கிறது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடமை, இரவில் கால்நடை செய்யும் சேதம் அதன் உடையவர் பொறுப்பு என்பது அது. சுமையைப் பொழுதால் பிரிக்கும் இந்த ஞானத்தை நம் வழக்குக்கும் கொள்ளலாம். கோழி மேய்வது பகலில், நாய் காவல் காப்பது இரவில். எனவே பகலில் நாய் கட்டில் இருக்கட்டும், இரவில் கோழி கூட்டில் இருக்கட்டும். இருவர் கடமையும் இருவர் உரிமையும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கிவிடுகின்றன.

இன்னொரு மறுப்பு கோழியின் உயிரையே சிறுமைப்படுத்துகிறது. எப்படியும் நாளைக்குக் கத்திக்குப் போகப்போகிற கோழிதானே என்கிறார்கள். அறுப்பதற்கு வளர்த்தவர்கூட அதை வதைத்துக் கொல்ல உரிமை பெற்றவரல்ல. முதுகும் வாலும் கிழிந்து, சாகாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் கோழியின் வலி, அதன் சந்தை விலையைப் பார்த்துக் கூடுவதும் குறைவதும் இல்லை. நாய்க்குப் பெயர் வைக்கிறோம், கோழிக்கு விலை வைக்கிறோம். அதனால் ஒன்றன் வலி பெரிதாகவும் மற்றதன் வலி சிறிதாகவும் தெரிகிறது. கோழியை இழந்தவரும் இதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்யக்கூடாது. தன் கோழி உயிர், அடுத்தவன் நாய் வெறும் நாய் என்று எண்ணத் தொடங்கும்போதுதான் சோற்றில் குருணை மருந்தைக் கலக்கும் கை நீளுகிறது.

விஷம் வைப்பதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. அது குறி பார்த்துக் கொல்வதில்லை. குற்றம் செய்த நாய் வருவதற்குள் வேறொரு நாயோ, பூனையோ, காக்கையோ அந்தச் சோற்றைத் தின்னும். தவழும் குழந்தையின் கைக்கும் அது எட்டக்கூடும். சட்டமும் இதில் கடுமையானது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, கெடுநோக்கோடு விலங்கைக் கொல்வோருக்கும் விஷம் வைப்போருக்கும் ஐந்தாண்டுவரை சிறை விதிக்க இடம் தருகிறது. விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்போரைத் தண்டிக்கும் 291ஆம் பிரிவோ மனித உயிருக்கு ஆபத்து அல்லது கொடுங்காயம் நேரும் நிலையைப் பற்றியே பேசுகிறது. கோழியை அது எண்ணவில்லை. மூன்று கோழிக்காக யாரும் உரிமையியல் நீதிமன்றத்தின் படியேறப் போவதுமில்லை. இந்த இடைவெளி கோழிக்காரருக்கு ஆத்திரமூட்டுவது இயல்பு. சட்டம் எட்டாத அந்த இடத்தைத்தான் அறம் நிரப்ப வேண்டும், விஷம் அன்று. கண்ணெதிரே நாய் கோழியைக் கவ்வும்போது கத்தியும், தண்ணீர் ஊற்றியும், கம்பால் விரட்டியும் தடுப்பது தற்காப்பு. நாய் போன பிறகு மறுநாள் காத்திருந்து கொல்வது பழிவாங்கல். இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு தெளிவானது.

ஆகவே இழந்தவரின் முதல் கடமை சொல்வது. சொல்லாமல் மனத்துக்குள் குமைந்துகொண்டிருப்பது பெருந்தன்மை போலத் தோன்றலாம். உண்மையில் அது நாய்க்காரருக்குத் திருந்தும் வாய்ப்பை மறுப்பது. சொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். கீரியும் மரநாயும் காட்டுப்பூனையும்கூடக் கோழி பிடிப்பவைதான். பார்த்தவர் சாட்சி, கால் தடம், வேலியில் பறித்த குழி, ஒரு படம் என்று ஏதேனும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நாய்மேல் முன்பே உள்ள கோபம் சாட்சியாகிவிடக் கூடாது.

கேட்ட பிறகு நாய்க்காரரின் கடமை தொடங்குகிறது. அவர் செய்யக்கூடாத இரண்டைச் சொல்லிவிடலாம். ஒன்று, நாயைச் சாக்கில் கட்டி வேறு ஊரில் விட்டுவிடுவது. அங்கும் கோழிகள் இருக்கின்றன. நாயோ பட்டினி கிடக்கும். இப்படிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். மற்றொன்று, இரவும் பகலும் குட்டைச் சங்கிலியில் கட்டியே போடுவது. எப்போதும் கட்டி வைக்கும் நாய்க்கு நடையும் ஓட்டமும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பகலில் நீளக் கயிறு அல்லது அடைப்பு, காலை மாலை கையில் பிடித்து நடை, சொன்னால் நிற்கும் பழக்கம், சுவரில் உள்ள ஓட்டைக்கு ஒரு கல் என்று வழிகள் எல்லாம் எளியவை. அப்படியும் அடங்காத நாயை, கோழி வளர்க்காத, பொறுப்பான ஒருவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி ஒப்படைக்கலாம்.

கடைசியாக ஈடு. 'ஒரு கோழிக்காகப் பக்கத்து வீட்டில் காசு வாங்குவதா' என்று இருபுறமும் கூச்சப்படுகிறார்கள். கேட்கக் கூசுபவர் கசப்பைச் சேர்த்து வைக்கிறார், கொடுக்கக் கூசுபவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார், உறவு தேய்கிறது. கொடுத்துத் தீர்த்த கடன் உறவைக் கெடுத்ததில்லை, கொடுக்காத கடன்தான் கெடுத்திருக்கிறது. பணமாக வாங்க மனமில்லை என்றால் கோழிக்குக் கோழியாகத் தரலாம். முட்டையிடும் பெட்டைக்கு முட்டையிடும் பெட்டை, அடைக்கோழி போயிருந்தால் அதோடு குஞ்சுகளும் என்பதே முழு ஈடு. கறிக்கடை விலையைக் கையில் திணிப்பது பாதி ஈடுதான். கேட்கும்வரை காத்திராமல், செய்தி தெரிந்த அன்றே தானாகப் போய் நின்று, 'என் நாய்தான் செய்தது, இனி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நாயை வளர்ப்பவர்களே, உங்கள் நாய் உங்களை நம்பி வாழ்கிறது. அடுத்த வீட்டின் ஆத்திரத்திலிருந்து அதைக் காப்பதும் உங்கள் கையில் உள்ள அந்தக் கயிறுதான். இன்று பகலிலேயே அதைக் கட்டுங்கள்.