நன்றிக்கடனும் நாற்காலியும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா என்று சில நொடிகளில் அவர் முடிவெடுக்க வேண்டும். அதனால் அணி தோற்க ஆரம்பித்தால் எல்லோருடைய பார்வையும் அவர்மேல் போய் நிற்கும். "போதும்யா, ஆளை மாத்துங்க" என்று ஒரு கூட்டம். "இத்தனை வருஷம் நமக்காக அடிவாங்கினவன், இப்பப் போய்க் கைவிடுறதா?" என்று இன்னொரு கூட்டம். நடுவில் பயிற்சியாளர்.

இந்தச் சண்டையை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஈலை மேனிங்தான் நினைவுக்கு வருகிறார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு 2008இலும் 2012இலும் சூப்பர் பௌல் வென்று கொடுத்தவர். இரண்டிலும் ஆட்டநாயகன். 2004 நவம்பரிலிருந்து தொடர்ந்து 210 ஆட்டங்களைத் தொடங்கியவர். 2017இல் ஜயன்ட்ஸ் 11 ஆட்டங்களில் 2ஐ மட்டுமே வென்றிருந்தது. மேனிங்குக்கு வயது 36. பயிற்சியாளர் பென் மெக்கடூ அவரை உட்காரவைத்துவிட்டு ஜீனோ ஸ்மித்தை இறக்கப் போவதாக அறிவித்தார்.

கூடவே மேனிங்குக்கு ஒரு சலுகையும் தரப்பட்டது. ஆட்டத்தை நீயே தொடங்கு, நடுவில் மாற்றிக்கொள்கிறோம், உன் தொடர்க்கணக்கு உடையாது. மேனிங் மறுத்துவிட்டார். கணக்குக்காக மட்டும் களமிறங்குவது அந்தக் கணக்குக்கே அவமானம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். செய்தியாளர்கள் முன்னால் கண்கலங்கி நின்றார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஸ்மித் தொடங்கிய ஓக்லண்ட் ஆட்டத்தில் 24-17 என்று தோல்வி. மறுநாளே மெக்கடூவுக்கு வேலை போனது, பொது மேலாளர் ஜெர்ரி ரீஸுக்கும் போனது. மேனிங் திரும்பி வந்தார்.

விசுவாசம் வென்றது என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை.

மேனிங்கின் அந்த 210 எப்படித் தொடங்கியது? 2004இல் ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர், இரண்டு முறை லீக்கின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வானவர். அணி 5 வெற்றி, 4 தோல்வி என்று ஓரளவு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போது பயிற்சியாளர் டாம் காஃப்லின் வார்னரை உட்காரவைத்துப் புதுமுகம் மேனிங்கை இறக்கினார். மேனிங் முதல் 6 ஆட்டங்களிலும் தோற்றார். காஃப்லின் அவரை எடுக்கவில்லை. இன்றைய தோல்வியைத் தாங்கி நாளைய அணியைக் கட்டுகிறோம் என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்திருக்கும். ரசிகர்கள் 2017இல் காக்கத் துடித்த நாற்காலி, இன்னொருவரை எழுப்பிவிட்டுக் கொடுக்கப்பட்டதுதான்.

அப்படியானால் மாற்றுவது துரோகம் ஆகாது. மெக்கடூவின் முடிவு கசந்ததற்குக் காரணம் வேறு. முதலில் இறங்கியவர் ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்திருந்த ஸ்மித். அந்த ஆண்டுதான் அணி தேர்ந்தெடுத்த இளைஞர் டேவிஸ் வெப் பெஞ்சிலேயே இருந்தார். எந்த எதிர்காலத்துக்காக இந்த மாற்றம் என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் ஒரு எண்ணை லஞ்சமாக நீட்டினார்கள். நீண்டநாள் உழைத்தவருக்கு நாம் கடன்பட்டிருப்பது உண்மையைச் சொல்வதற்குத்தான், நாற்காலிக்கு அல்ல. 2019இல் இரண்டு ஆட்டங்கள் தோற்றதும் பயிற்சியாளர் பாட் ஷர்மர் அதே மேனிங்கை உட்காரவைத்தார். அந்த ஆண்டுதான் எடுத்த டேனியல் ஜோன்ஸ் இறங்கினார். வருத்தம் இருந்தது, 2017இன் கொதிப்பு இல்லை. காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

விசுவாசத்துக்கு விலையும் உண்டு, அதைப் பெரும்பாலும் வேறு யாராவது கொடுக்கிறார்கள். 2018 தேர்வில் ஜயன்ட்ஸுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. மேனிங் இருக்கிறாரே என்று ஓட்டக்காரர் சேக்வான் பார்க்லியை எடுத்தார்கள். ஜாஷ் ஆலன் 7ஆம் இடத்திலும் லமார் ஜாக்சன் 32ஆம் இடத்திலும் போனார்கள். இருவருமே பின்னால் லீக்கின் மிகச்சிறந்த வீரர் ஆனார்கள். அன்றைக்கு இதை யார் கண்டார்கள் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் நன்றி கண்ணை மறைக்கும்போது தேடவே தோன்றாது என்பதும் உண்மை.

ஜீனோ ஸ்மித்தை மறந்துவிடுகிறோம். ஜயன்ட்ஸின் வரலாற்றில் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர். லீக்கில் அதுவரை அப்படி ஒருவரைத் தொடங்க வைக்காத கடைசி அணி அது. அந்த நாள் அவருக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கலாம். ஊரே இன்னொருவருக்காக அழுதுகொண்டிருந்தபோது அவர் களமிறங்கினார். 2022இல் சியாட்டில் அணியில் மீண்டெழுந்து, சிறந்த மீள்வரவுக்கான விருதைப் பெற்றார். ஒருவர்மேல் வைக்கும் விசுவாசம் மற்றொருவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுமானால், அதை நான் விசுவாசம் என்று சொல்லத் தயங்குவேன்.

2019 டிசம்பரில் ஜோன்ஸுக்குக் காயம். மேனிங் கடைசியாகச் சொந்த மைதானத்தில் இறங்கி மயாமியை வென்றார். வழக்கமான பருவ ஆட்டங்களில் அவர் கணக்கு 117 வெற்றி, 117 தோல்வி என்று நின்றது. பயிற்சியாளர் அந்த இரண்டு எண்களையும் பார்த்தாக வேண்டும். ரசிகருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரங்கத்தில் எழுந்து நின்று கைதட்டிவிட்டுப் போகலாம். கைதட்டுபவர் அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலையும் தானே எழுத வேண்டும் என்று கிளம்பும்போதுதான் சிக்கல்.