நஜீஸும் தாகமும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், நண்பகலில் தெருநாய்கள் நம் வீட்டுத் திண்ணை நிழலை நாடி வருகின்றன. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்க நிற்கும் அவற்றை "நஜீஸ்" என்று சொல்லி விரட்டிவிடுகிறோம். இது பேணுதலா, கல்நெஞ்சமா? சற்றே சிந்திப்போம்.

மனிதனுக்கு மேனியெங்கும் வியர்த்து உடல் குளிர்கிறது. நாய்க்கு அப்படி வியர்ப்பதில்லை. மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கியே அது பெரும்பாலும் தன் சூட்டைத் தணிக்கிறது. நாம் ஒதுங்கிக்கொள்ளும் அந்த எச்சில்தான் வெயிலில் அதன் உயிரைக் காக்கிறது!

ஷாபிஈ மத்ஹபில் நாய் கடும் நஜீஸ். அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஹனபி மத்ஹபிலும் அதன் எச்சில் நஜீஸே. இதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அதே ஷாபிஈ சட்ட நூல்கள் தயம்முமுடைய பாடத்தில் என்ன கூறுகின்றன? கொல்லத் தகாத ஒரு பிராணியின் தாகத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டால், அதை ஒளுவுக்குச் செலவிடாமல் தயம்மும் செய்யச் சொல்கின்றன. காவல் நாயும் அவ்வகையில் அடங்கும். மனிதரைக் கடித்துக் குதறும் நாய் அடங்காது. தொழுகைக்குரிய நீரையே விட்டுக்கொடுக்கச் சொல்லும் மார்க்கம், திண்ணை நிழலை மறுக்கச் சொல்லுமா? மத்ரஸாவில் இரண்டு சட்டங்களையும் ஓதிய நாம், முதலாவதை மட்டுமே மக்களுக்கு எடுத்துச் சொன்னோம்.

தாகித்துக் கிணற்றில் இறங்கி நீரருந்திய ஒருவர், மேலேறியதும் ஈரமண்ணை நக்கும் நாயைக் கண்டார். தாம் பட்ட வேதனையை நினைத்து மீண்டும் இறங்கி, காலுறையில் நீர் முகந்து வந்து அதற்குப் புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

தேவையின்றி நாய் வளர்க்கும்படி நாம் கூறவில்லை. நஜீஸின் சட்டம் நம் பாத்திரத்தையும் உடையையும் பற்றியது. தாகம் தீர்வது அந்த ஜீவனின் உரிமை. இரண்டையும் சேர்த்தே பேணலாம். புழங்காத மண்சட்டி ஒன்றை வாசலுக்கு வெளியே நிழலில் வைத்து, காலையிலும் நண்பகலிலும் நீர் ஊற்றுங்கள். அச்சட்டியை வேறெதற்கும் எடுக்காதீர்கள். தோப்பில் காவலுக்கு நாய் கட்டியிருப்போர், வெயில் திரும்பும்போதெல்லாம் அதை நிழலுக்கு மாற்றிக் கட்டுங்கள். கட்டிய பிராணி தானாகத் தண்ணீர் தேடிப் போக முடியாது. பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி நாம் அறிந்ததே.

பாத்திரத்தைப் போலவே உள்ளத்தையும் சுத்தமாக வைத்திருக்க வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.